விளிம்பில் எழுந்த விகாரை: பொரளையும் கோதமி விகாரைச் சுவரோவியங்களும்

கொழும்பின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையில் தொடங்கிக் கறுவாத்தோட்டத்தில் முடித்துக்கொள்வதுண்டு. பொரளையை ஒரு பஸ் சந்தியாகக் கடந்துவிடுவார்கள். நகரத்துக்குத் தேவைப்பட்டும் கண்ணெதிரே இருக்க வேண்டாதவையாகப்பட்ட பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடம் அதுதான். வெலிக்கடைச் சிறைச்சாலை 1841இல் கட்டப்பட்டது. காலிமுகத்திடலை அண்டியிருந்த பழைய இடுகாட்டுக்குப் பதிலாக 1866இல் கனத்தை மயானம் உருவானது. 1920களில் அந்த இடுகாட்டின் கல்லறைக் கற்களும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. அதனால்தான் மயானத்தைவிட மூத்த ஆண்டுகளைப் பொறித்த கற்கள் இன்று கனத்தையில் கிடக்கின்றன. இறந்தோர் வந்த வழியிலேயே விளையாடுவோரும் வந்தனர். காலிமுகத்திடலில் பந்தடித்துக்கொண்டிருந்த வெள்ளையரின் கோல்ப் கழகம் 1896இல் பொரளைப் பக்கத்து ரிட்ஜ்வே திடலுக்கு மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமின் ஒரு பாதை பொரளையில் வந்து முடிந்தது. கைதி, பிணம், துரைமார், டிராம் பயணி எல்லோருக்கும் கடைசித் தரிப்பு ஒன்றாக இருந்த ஊர் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

பொரளையிலுள்ள கோதமி விகாரையை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் வாதம். கலை வரலாற்று நூல்கள் அதை ஜோர்ஜ் கீற்றின் விகாரையாகவே அறிமுகப்படுத்துகின்றன. 1901இல் கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, பௌத்த பிக்குகளுடன் பழகி வளர்ந்த கீற், செல்வந்தரான ஹரல்ட் பீரிஸின் ஆதரவில் 1939–40இல் இங்கே புத்தரின் வாழ்க்கையைச் சுவர்களில் தீட்டினார். அந்தச் சுவர்களில் உடலை உருவாக்குவது நிழலோ வண்ணத்தின் ஏற்ற இறக்கமோ அன்று, நீண்டு வளைந்து செல்லும் கனத்த கோடு. முகங்களில் அஜந்தாவின் சாயல் உண்டு. உடல்களைத் தளங்களாகப் பகுத்து மீண்டும் பொருத்தும் முறையில் பிக்காசோவைக் கற்றவரின் கை தெரிகிறது. எம். சார்லிஸின் அச்சுப் படங்கள் வீட்டுச் சுவர்களை நிறைத்திருந்த காலத்தில், வழிபாட்டிடமொன்று இத்தகைய ஓவியத்துக்கு இடம் கொடுத்தது சிறிய துணிவன்று. கீற்றும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டும் மற்றவர்களும் சேர்ந்து நவீன ஓவியர்களின் '43 குழுவை அமைத்தது அதற்குப் பின்னர்தான்.

பணமும் ஓவியரும் கிடைத்தால் எந்த விகாரையிலும் இது நடந்திருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். அதே காலத்துக் களனி விகாரையை எடுத்துக்கொள்வோம். அங்கே எலினா விஜேவர்தனவின் பெரும் கொடை இருந்தது, சோலியஸ் மெண்டிஸ் என்ற மேதையும் இருந்தார். ஆனால் புத்தர் வந்துபோன தலமென்று நாடே நம்பும் இடத்தில் ஓவியருக்கும் மரபுக்கும் உள்ள உறவு வேறு. மெண்டிஸின் அழகு பழைய நெறியை மெருகேற்றிய அழகு. பழம்புராணமோ தீவெங்கிலுமிருந்து திரளும் யாத்திரிகர் கூட்டமோ இல்லாத நகர்ப்புற விகாரைக்கு அந்தச் சுமை இல்லை. டிராம் வந்து நாற்பது ஆண்டுகளான பிறகும் பொரளையை விளிம்பு என்பதா என்ற கேள்வி இன்னும் வலுவானது. நிலப்படத்தில் அது விளிம்பல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமூக நிலையில் விளிம்பாகவே நீடித்தது. கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கும் வனாத்தமுல்லையின் நெருக்கமான குடியிருப்புகளுக்கும் நடுவே, எந்தத் தரப்பும் முழுதாக உரிமை கொண்டாடாத இடம் அது. ஆங்கிலம் படித்த புரவலரும் பறங்கி ஓவியரும் சிங்களப் பிக்குகளும் அங்கே சந்திக்க முடிந்தது அதனாலேயே.

இந்தச் சூழலின் மறுபக்கத்தைத் தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 ஜூலை 24ஆம் திகதி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்காகக் கூட்டம் திரண்டது கனத்தையில். வன்முறை முதலில் பரவியது பொரளையில். 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஓவியங்களை மட்டும் பேசும் நூல்கள் விகாரையின் மதிலோடு நின்றுவிடுகின்றன, ஜூலையை மட்டும் பேசும் நூல்கள் விகாரைக்குள் நுழைவதே இல்லை. ஒரு நூற்றாண்டு முழுவதும் நகரம் இங்கே ஒதுக்கிவைத்தவற்றைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்படும் எந்தப் பொரளை வரலாறும் அரைகுறையே.