குணசீலம் முதல் கும்பகோணம் வரை: மனநோயும் அதற்கான வழிகளும்

காவிரிக் கரை ஊர்களில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் "காத்து கருப்பு அண்டிருச்சு" என்பார்கள். "புத்தி பிசகிருச்சு" என்பார்கள். "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எங்கே கூட்டிக்கொண்டு போவது? இந்தக் கேள்விக்கு டெல்டா மக்கள் சொல்லிவந்த பதிலையும், மேல்நாட்டு உளவியல் அறிஞர்கள் சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் இருக்கின்றன.

கோயில் வழி

திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநலம் குன்றியவர்களை இங்கே அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைப்பது நெடுநாள் வழக்கம். காவிரியில் குளியல், பூஜை நேரத்தில் முகத்தில் தீர்த்தம் தெளித்தல், வேளைக்குச் சாப்பாடு, கூடவே சொந்தக்காரர் ஒருவர். இவ்வளவுதான் வைத்தியம்.

கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்கும் இதே பெயர் உண்டு. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் சிக்கி ஓர் அந்தணர் இறந்துபோக, பிரம்மஹத்தி அரசனைப் பிடித்துக்கொண்டதாம். அவன் கிழக்கு வாசல் வழியே கோயிலுக்குள் நுழைந்தபோது அது வெளியிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான் என்கிறது தலபுராணம். வேண்டுமென்று செய்யாத குற்றம் ஒருவனை விடாமல் துரத்துவதைப் பற்றிய கதை இது. அந்தச் சுமையை இறக்கி வைக்க ஓர் இடமும் ஒரு சடங்கும் தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வழி

ஆங்கிலேயர் காட்டியது வேறு வழி. 1794ல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கனாலி மனநோயாளிகளுக்கான விடுதியைத் தொடங்கினார். அது பின்னாளில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. குடும்பத்திலிருந்து நோயாளியைப் பிரித்துச் சுவருக்குள் வைப்பதுதான் அந்தக் கால முறை. 1950களில் குளோர்புரோமசின் மாத்திரை வந்த பிறகுதான் தீவிர மனநோய் உள்ளவர்கள் வீடு திரும்ப முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1961ல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டாக்டர் சாரதா மேனன், அங்கே வெளிநோயாளிகள் சிகிச்சையையும் மறுவாழ்வுப் பணியையும் வளர்த்தார். 1984ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார்.

பேச்சு வழி

மூன்றாவது வழி பேச்சு. இதிலும் பல பள்ளிகள்:

1. உளப்பகுப்பாய்வு: வியன்னாவில் ஃப்ராய்டு தொடங்கியது. நனவிலி மனத்தில் புதைந்திருப்பதைப் பேசிப் பேசி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1922லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதம் செய்தார்!

2. நடத்தை சிகிச்சை: பழைய காரணத்தைத் தோண்டுவதைவிட, பயத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கிப் போக்குவது முக்கியம். ஜோசப் வோல்ப் 1950களில் இதை வகுத்தார்.

3. நபர்மைய முறை: கார்ல் ரோஜர்ஸ் 1942ல் எழுதிய நூலின் பெயரிலேயே கவுன்சலிங், சைக்கோதெரபி என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தன. அறிவுரை சொல்லாதே, தீர்ப்பு வழங்காதே, மதிப்போடு காது கொடுத்துக் கேள் என்பது இவர் வழி.

4. அறிதல் சிகிச்சை: ஆல்பர்ட் எல்லிஸ், ஆரோன் பெக் ஆகியோரின் முறை. நடந்த சம்பவத்தைவிட, அதைப் பற்றிய நம் எண்ணமே துன்பம் தருகிறது. எனவே எண்ணத்தைச் சோதித்துத் திருத்து.

இவை அப்படியே நம் ஊருக்குப் பொருந்துமா? 1970களில் ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர், இங்கே சிகிச்சை உறவு குரு சிஷ்ய உறவைப்போல இருக்கலாம் என்றார். ரோஜர்ஸ் வாய்மூடிக் கேட்கச் சொன்னார். நம் மக்களோ "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று எதிரே உட்காருகிறார்கள். வேலூர் சி.எம்.சி. இன்னொரு மாற்றம் செய்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்க வைத்தது.

இரண்டு கூரைகள்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கை என்ற பெயரில் நடந்த வியாபாரம் எவ்வளவு கொடியது என்று நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்தது.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே டிசம்பர் 26ல் சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் பலியானார்கள். டெல்டாவில் "கவுன்சலிங்" என்ற சொல் கிராமம் வரை போனது இந்த நேரத்தில்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டு, படம் வரைதல். பெரியவர்களுக்கு அழவும் பேசவும் ஓர் ஆள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நோய் எதுவும் இல்லை. துக்கம்தான். அவளிடம் மாத்திரையை நீட்டுவதும் தவறு, "விதி" என்று சொல்லிவிட்டு நகர்வதும் தவறு.

எது சரி?

அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் 1961ல் எழுதிய நூலில், மந்திரவாதி முதல் தெரபிஸ்ட் வரை எல்லாருக்கும் பொதுவாக நான்கு விஷயங்கள் உண்டு என்றார். நம்பிக்கையான ஒரு மனிதர், குணமாவதற்கென்று ஓர் இடம், துன்பத்துக்கு ஒரு விளக்கம், இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு முறை. குணசீலத்தின் 48 நாளில் இந்த நான்குமே இருக்கின்றன!

2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வும் இதற்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே விசேஷ பரிகாரம் எதுவும் செய்யப்படவில்லை. குடும்பத்தோடு அமைதியான வாழ்க்கை, சிறு சிறு வேலை, அவ்வளவே. ஆனால் 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. எனவே "மாத்திரை வேண்டாம், கோயில் போதும்" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மனச்சிதைவுக்கு மருந்து தாமதமானால் இழப்பு நோயாளிக்குத்தான்.

ஆகவே வரவு செலவு பார்த்தால், கோயில் தருவது துணையும் மரியாதையும். அது இல்லாத இடம் ஏர்வாடிக் கொட்டகை ஆகிவிடுகிறது. ஆஸ்பத்திரி தருவது மருந்து. அங்கே நேரம் கிடைப்பதில்லை. கவுன்சலிங் தருவது காது. அதற்குக் காசும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதால் மூன்றாவது குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது.

கோயிலுக்குப் போகிற குடும்பத்தைக் கேலி செய்து பயனில்லை. போகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உள்ளே போகிறவர் தன் விருப்பப்படி வெளியே வர முடியுமா?