கையால் மீன் பிடிக்கிறவளுக்கு எந்தப் பெர்மிட்?

பழவேற்காட்டு ஏரியில் இறங்க ரெண்டு அனுமதி வேணும். ஒண்ணு ஊரோடது, இன்னொண்ணு சர்க்காரோடது.

ஊர் அனுமதிக்குப் பேர் பாடு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் பட்டினவர்களின் உரிமை அது. நல்ல ஏற்பாடென்று மெச்சுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கிறவர்களுக்குள் சமத்துவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டில் பேர் ஏற முதலில் சாதி பொருந்தணும். தலித்துகள் வலையோடு இறங்கியபோது வந்த தகராறெல்லாம் இதிலிருந்துதான்.

தமிழ்நாட்டுப் பகுதி ஏரியை 1980இல் சர்க்கார் பறவைகள் சரணாலயமாக்கியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ஆராய்ச்சிக்குப் பெர்மிட் உண்டு, போட்டோவுக்கு உண்டு, சுற்றுலாவுக்கும் உண்டு. உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர் பெர்மிட் இல்லாமலே போகலாம், 27ஆம் பிரிவு சொல்கிறது. பழைய உரிமையைத் தொடரவிடவும் 24ஆம் பிரிவில் வழியிருக்கிறது. பாட்டுக்காரர் பாட்டைக் காட்டுவார்.

இருளர் பெண் எதைக் காட்டுவாள்? ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணியில் குனிந்து, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவள். வலை, படகு, பட்டா ஒண்ணும் கிடையாது. பறவைகளைப் பார்க்க வருகிற டூரிஸ்டுக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அவளுக்கு இல்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில்தான் அந்த வரி வந்தது. சரணாலயத்துக்குள்ளும் பழங்குடிகளுக்கு மீன்மீதும் நீர்நிலை விளைபொருள்மீதும் சமூக உரிமை உண்டு. காகிதம் இல்லாவிட்டால் மூத்தவர்கள் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கலாம், விதி இடம் தருகிறது. மனு மட்டும் கிராமசபைக்குப் போகணும். அந்தச் சபையில் எந்தக் குப்பத்துக்காரர் முன்வரிசையில் உட்காருவார், இருளச்சி எங்கே நிற்பாள்?