நெய்யாற்றின் இடதுகரை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கே நமீபியா என்றொரு நாடு உளது. சகாராப் பாலைக்குத் தெற்கேயுள்ள நாடுகளுள் மிக வறண்டது அதுவே என்பர். அதன் கடற்கரையில் ஓராண்டில் பெய்யும் மழை 50 மில்லிமீட்டரை எட்டுவது அரிது. வற்றாத ஆறுகள் எல்லைப்புறங்களில் மட்டுமே ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய ஒக்கவாங்கோ அங்கோலா நாட்டு மேட்டு நிலத்தில் பிறந்து, நமீபியாவைக் கடந்து, போட்சுவானாவின் மணற்பரப்பில் கடலையே காணாது மறைந்துவிடுகின்றது. அந்நாட்டின் தலைநகராகிய விண்டுக், 1968 முதலே கழிவுநீரைத் தூய்மை செய்து குடிநீராக்கி வருகின்றது. நீரின் அருமையை அவ்வளவு உணர்ந்தமையாற்போலும், மேலே உள்ள அங்கோலாவும் கீழே உள்ள போட்சுவானாவும் நமீபியாவும் 1994-இல் அந்த ஆற்றுக்கென ஒரே ஆணையத்தை அமைத்துக்கொண்டன.

மழைக்குப் பஞ்சமில்லாத நம் தென்கோடியில் ஒரு கால்வாய் வறண்ட கதையைச் சொல்லப் புகுந்தே, பாலை நாட்டை முதலில் நினைவூட்டினோம்.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, அம்பூரி மலைக்கிராமத்தை ஒட்டி இறங்கிப் பூவாற்றில் கடலை அடைகின்றது. அம்பூரியை அடுத்த கள்ளிக்காட்டில் அதன் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டது திருவிதாங்கூர்-கொச்சி அரசு. அன்று நெய்யாற்றின்கரை வட்டமும் விளவங்கோடு வட்டமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. ஆகவே இரண்டுக்கும் நீர் பாயுமாறு கால்வாய்கள் வகுக்கப்பட்டன. அதற்குள் மொழிவழி மாநிலப் பிரிவினை வந்துற்றது. நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த போராட்டம் நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் கோரிற்று. கிடைத்தவற்றுள் அது இல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் வாழும் தமிழர் என்னும் நிலையை நாம் இரயிலேறிச் சென்று அடைந்தோம். பாறசாலைத் தமிழரோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அடைந்தனர்!

அணை 1958-இல் முடிந்தது. நீர் பெருகியபோது காணிக்காரர் குடியிருப்புகள் சில அக்கரையில் தனித்துப்போயின. கும்பிச்சல் கடவில் தோணியேறுவதே நெடுங்காலம் அவர்களுக்கு வழியாயிற்று. ஆயினும் அணையின் பயன் பெரிது. இடதுகரைக் கால்வாய் புதிய எல்லையைப் பொருட்படுத்தாது விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்கு நீர் சுமந்தது. ஆயக்கட்டு என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாதலால், அதற்கு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

இதற்கிடையே மலையும் மாறிற்று. நடுத் திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி வந்த குடியேற்றக்காரர் அம்பூரிச் சரிவுகளில் மரவள்ளியும் ரப்பரும் பயிரிட்டனர். உழைப்பாளிகள், அவர்களைக் குறைகூறுதல் எளிது, நியாயமன்று. ஆனால் 2001 நவம்பர் 9 அன்று பெருமழையில் குரிசுமலைச் சரிவு பெயர்ந்து 39 உயிர்களைக் கொண்டுபோயிற்று. செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டி, நீர் வடியும் இயற்கை ஓடைகளை மறித்ததும் அதற்கொரு காரணம் என ஆய்ந்தோர் கூறினர். நீரைத் தேக்க வேண்டிய இடத்தில் தேக்குவதும், வடியவிட வேண்டிய இடத்தில் வடியவிடுவதும் ஒரே கலையின் இரு பக்கங்களல்லவா?

2004 பிப்ரவரியில் விளவங்கோட்டுக்கான நீர் நிறுத்தப்பட்டது. நெய்யாறு கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே முடிகின்றது. எனவே அது மாநிலங்களுக்கு இடையிலான ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். ஆற்றைப் பற்றி அது மெய்யே. கால்வாயைப் பற்றியோ அவ்வாறு கூற இயலாது. எல்லை பிறக்குமுன்னரே அதன் ஆயக்கட்டு வகுக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று.

வழக்கு நடந்திருக்க, நிலம் காத்திருக்கவில்லை. விளவங்கோட்டு நெல்வயல்களில் வாழையும் ரப்பரும் ஏறின. நீரின்மை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ரப்பரின் விலையும், நாற்று நடக் கூலியாள் கிடையாமையும் தம் பங்கைச் செய்தன. எனினும் ஒருமுறை ரப்பர் நட்டால், அது பால் தந்து ஓயும்வரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் அம்மண்ணில் வேறு பயிருக்கு இடமில்லை. கால்வாயில் நீர் மீண்டு வரும் நாளில், அதை வாங்கிக்கொள்ள மடைக்குக் கீழே எத்தனை வயல்கள் எஞ்சியிருக்கும் என்பதே நம் கவலை.