இடைக்காலப் பல்கலைக்கழகங்களும் வேற்றுநாட்டு மாணாக்கரின் குடிக்கூலியும்

பல்கலைக்கழக வரலாறு எழுதப் புகுவோர் பாடத்திட்டம், பட்டம், பேராசிரியர் பெருமை ஆகியவற்றை விரித்துரைப்பர். மாணாக்கன் எவ்வீட்டில் தங்கினான், அதற்கு என்ன கொடுத்தான் என்பதை ஒரு வரியிற் கூறி அமைவர். ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிய பழம் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இம்முறை பொருந்தாது என யாம் கருதுகின்றோம். தொடக்கத்தில் அவற்றுக்கெனச் சொந்தக் கட்டடம் இல்லை. ஆசிரியர் வாடகை அறையில் பாடஞ் சொன்னார். மாணாக்கர் வாடகை வீட்டில் உறங்கினர். அவருட் பலர் வேற்றுமொழி பேசும் வேற்றுநாட்டார். ஆதலின் குடிக்கூலி பற்றிய வழக்கே அப்பல்கலைக்கழகங்கள் ஓர் அமைப்பாகத் திரண்டமைக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

முதற்கண் பொலோஞாவை நோக்குவோம். உரோமச் சட்டம் பயில ஆல்ப்சு மலைக்கு அப்பாலிருந்தும் மாணாக்கர் இவ்விடம் வந்தனர். நகரின் சட்டம் நகரத்தார்க்கே காவல், அயலானுக்கு அன்று. ஒரு செருமானிய வணிகன் கடன் கொடாது ஓடினால், அவன் நாட்டான் என்ற ஒரே காரணத்தால் செருமானிய மாணாக்கன் ஒருவனைப் பிடித்துப் பொருள் பறித்தலும் அக்கால வழக்கு. பேரரசர் முதலாம் பிரெடரிக்கு 1158இல் உரொன்காலியாவில் வெளிப்படுத்திய ‘ஆபிட்டா’ என்னும் ஆணை இக்கொடுமையைத் தடுத்தது. கல்வியின்பொருட்டுப் புலம்பெயர்ந்தோர்க்குப் பாதுகாப்பு அளித்தது. ஆயின் உயிர்க்கும் உடைமைக்கும் காவல் கிடைத்த அளவில் வீடு கிடைத்துவிடாது. மாணாக்கர் பெருகவே, ஒருவன் குடியிருக்கும் வீட்டுக்கு மற்றொருவன் மிகுதியான கூலி கூறி, முன்னவனை வெளியேற்றும் போட்டி எழுந்தது. பிறர் குடியிருக்கும் வீட்டுக்குக் கூடுதற் கூலி கூறுதல் ஆகாது என்று திருத்தந்தையின் தூதர் ஒருவர் விதித்தார். அவ்விதியைத் திருத்தந்தை மூன்றாம் கிளெமென்டு 1189இல் உறுதிப்படுத்தினார்.

இவ்விதி வீட்டுக்காரனைக் கட்டவில்லை. ஆசிரியரையும் மாணாக்கரையுமே கட்டிற்று என்பது ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. வீட்டுக்காரனின் பேராசைக்கு இரை போடுபவன் ஏலம் ஏற்றும் மற்றொரு மாணாக்கனே. அவன் கையைக் கட்டினால் பேராசை தானே அடங்கும். விதி வகுத்தவர் உலகியல் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பொலோஞாவில் சட்டம் பயின்ற மாணாக்கரின் குழுவில் அந்நகரக் குடிமக்களுக்கு இடம் இல்லாதிருந்ததும் எம் கருத்துக்கு அரண் செய்கின்றது. குடிமகனுக்குத் தந்தை வீடு உண்டு. நகர மன்றம் உண்டு. குழு வேண்டியவன் இரண்டும் இல்லாத அயலானே. பல்கலைக்கழகம் என நாம் இன்று வழங்கும் பெயருக்கு மூலமான ‘உனிவர்சிதாசு’ என்னும் இலத்தீன் சொல் முதலில் இத்தகைய மக்கட் குழுவையே குறித்தது. கட்டடத்தையோ கலைகளின் தொகுதியையோ குறித்ததன்று. மாணாக்கர் வாடகைக்குக் கொண்ட வீட்டைச் சுட்டிய ‘ஆசுபித்தியம்’ என்னும் சொல்லும் சுவையானது. அதன் அடியான ‘ஆசுபெசு’ விருந்தினனையும் விருந்தளிப்பவனையும் ஒருங்கே குறிக்கும். நம் ‘விருந்து’ புதுமைப் பொருளிற் பிறந்து புதிதாய் வந்தானைக் குறித்தது. அங்கே புதியவனும் வீட்டுக்குடையவனும் ஒரே சொல்லில் அடங்கினர். ஒரே நகரில் அடங்கி வாழ்தல்தான் அரிதாயிற்று.

பாரிசில், குடிக்கூலியை வரையறுத்தற்கு ஆசிரியரும் மாணாக்கரும் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம் என்பதைத் தூதர் இராபர்ட்டு தெ கூர்சோன் 1215இல் வகுத்த விதிகள் ஒப்பின. 1229இல் மதுக்கடை ஒன்றில் விலை பற்றி எழுந்த பூசல் முற்றி, படைஞர் கையில் மாணாக்கர் சிலர் மாண்டனர். ஆசிரியர்கள் பாடங்களை நிறுத்தி நகரைவிட்டு அகன்றனர். அப்பிணக்கைத் தீர்க்கத் திருத்தந்தை ஒன்பதாம் கிரெகரி 1231இல் விடுத்த ஆணை, எக்காரணங்களால் பாடத்தை நிறுத்தலாம் என்று கூறுகின்றது. கொலை, உறுப்பறுத்தல் போன்ற பெருங்கேடுகளோடு, குடிக்கூலியை வரையறுக்கும் உரிமை பறிக்கப்படுதலும் அங்கே உடன்வைத்து எண்ணப்பட்டுள்ளது! முறையாக எச்சரித்தும் 15 நாளில் தீர்வு கிட்டாவிடின் பாடம் நிறுத்தலாம். வாடகையையும் உயிரையும் ஒரே தொடரில் வைத்தது மிகையெனத் தோன்றலாம். வீடின்றேல் அயலான் அந்நகரில் இருத்தலே இயலாது என்பதை எண்ணின், அது மிகையன்று.

இனி ஆக்சுபோர்டு. 1209இல் அவ்வூரில் ஒரு பெண் மாணாக்கன் ஒருவனாற் கொல்லப்பட்டாள், அவன் ஓடிவிட்டான். நகரத்தார் அவனோடு ஒரே வாடகை வீட்டிற் குடியிருந்த தோழர்களைப் பிடித்து, ஜான் மன்னனின் இசைவோடு அவருட் சிலரைத் தூக்கிலிட்டனர். உடன் குடியிருந்தமையன்றி வேறு குற்றம் அவர்பால் இல்லை. ஆசிரியரும் மாணாக்கரும் ஊரைத் துறந்தனர். கேம்பிரிட்சுக்குச் சென்றோரே அங்குள்ள பல்கலைக்கழகத்திற்கு வித்திட்டனர். ஆக்சுபோர்டு வீடுகள் குடியின்றிக் கிடந்தன. மன்னன் திருத்தந்தைக்குப் பணிந்த பின்னர், தூதர் நிக்கோலாசு 1214இல் ஒரு தீர்ப்பு வழங்கினார். மாணாக்கர் பிரிந்து செல்லுமுன் கூலி வரையறுக்கப்பட்டிருந்த வீடுகளுக்குப் பத்தாண்டுகள் பாதிக் கூலியே கொள்ளவேண்டும். அடுத்த பத்தாண்டுகள் பழைய கூலிக்கு மேற்படலாகாது. புதிய வீடுகளின் கூலியை ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் கூடி வரையறுக்கவேண்டும். ஏழை மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் 52 சில்லிங்கு நகரம் தரவேண்டும். புனித நிக்கோலாசு திருநாளில் அவருள் நூற்றுவர்க்கு உணவளிக்கவேண்டும். தூக்கிலிட்டோர் வெறுங்காலோடு இறந்தோரின் கல்லறைக்குச் செல்லுமாறும் பணிக்கப்பட்டனர்.

உயிர்ப்பழிக்குக் கழுவாயாகக் குடிக்கூலி குறைக்கப்பட்டது வியப்பன்றோ? தூக்கிட இசைந்த மன்னன்மேல் இத்தீர்ப்பு ஒரு காசும் சுமத்தவில்லை. சுமை முழுதும் நகரத்தார்மேல் விழுந்தது. அவருள் கொலையிற் பங்கில்லாத எளிய வீட்டுக்காரரும் இருந்திருப்பர். இது முழு நீதி என யாம் சொல்லத் துணியோம். ஆயினும் மாணாக்கர் வென்றமைக்குக் காரணம் தெளிவு. தூக்கிச் செல்லவியலாத உடைமை அவர்பால் இல்லை, நகரத்தார்பால் இருந்தது. கல்லும் மரமும் கொண்ட வீடு எழுந்து நடவாது. புத்தக மூட்டையோ நடக்கும்.

கேம்பிரிட்சில் இவ்வரலாறு விரைவாகவே முடிந்தது. மூன்றாம் என்றி மன்னன் 1231இல் விடுத்த ஆணைப்படி, ஆசிரியர் இருவரும் நகரத்தார் இருவரும் கூலி மதிப்பிடும் முறை அங்கு உறுதிபெற்றது.

தனி மாணாக்கன் வீடு தேடி அலையும் நிலையை மாற்றியது, பலர் கூடி ஒரு வீட்டை எடுக்கும் வழக்கம். அவருள் தலைவனாயினான் கூலிக்கு ஈடாக உறுதிப்பொருள் வைப்பான். அவன் பெயரில் வீடு நிற்கும். இன்று முன்பணம் எனக் கேட்பதன் மூதாதை இதுவெனலாம். அவ்வூரில் தனக்காகப் பிணைநிற்பார் எவருமில்லாத அயலான், இக்கூட்டுக்குள் புகுந்து குடிபெற்றான் என்று கொள்வது பொருந்தும்.

இதனினும் உறுதியான வழியைச் செல்வர் கண்டனர். எருசலேமிலிருந்து மீண்ட இலண்டன் நகரத்தார் ஒருவர், 1180இல் பாரிசு மருத்துவமனையின் ஓர் அறையை விலைகொண்டு, ஏழை மாணாக்கர் பதினெண்மர்க்கு அளித்தார். பின்னர்க் கல்லூரிகள் பெருகின. சொந்த மனைகள் வந்தன. குடிக்கூலித் தொல்லை குறைய, ஊரைத் துறந்து செல்வோம் என்னும் படைக்கலமும் மழுங்கிற்று. கட்டடம் உடையார் எங்குச் செல்வர்? கர்தினால் அல்போர்னோசு 1364இல் எழுதிய இறுதிமுறியால் பொலோஞாவில் எழுந்த இசுப்பானியக் கல்லூரி, தன் நாட்டு மாணாக்கர்க்கு இன்றும் இடமளித்து வருகின்றது.