செவ்வாய்க்குப் போன டேப் ரெக்கார்டர்

ரெண்டு வாரமா எபிசோடு வரலை, காரணம் சிக்கிம். அம்மா அப்பாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கேமராவில் எண்ணூறு போட்டோ எடுத்தேன். அதில் முந்நூறு இப்போ கிடையாது. சோம்கோ ஏரிக்குப் போன நாள் மொத்தமும் காலி.

காங்டாக் லாட்ஜில் காலையில் மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டேன். பச்சைக் கோடு கடைசி வரை போச்சு. கீழே டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வயரைப் பிடுங்கி பைக்குள் போட்டேன், கார்டை ஃபார்மட் பண்ணினேன், அதே கார்டில் இன்னும் ரெண்டு நாள் படம் எடுத்தேன். லேப்டாப் ‘முடிஞ்சுது’ என்று சொன்னபோது கடைசிப் பகுதி இன்னும் ரேமில்தான் இருந்திருக்கிறது. டிஸ்க்கில் எழுதுவதற்குள் நான் வயரை உருவிவிட்டேன். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அதான் இன்னும் எரியுது.

அந்த எரிச்சலில் படிக்க ஆரம்பித்ததுதான் மரைனர் 4 கதை.

1964 நவம்பர் தொடக்கத்தில் நாசா மரைனர் 3-ஐ அனுப்பியது. அதன் மேலிருந்த பாதுகாப்பு மூடி கழலவே இல்லை. அந்தப் பயணம் அதோடு முடிந்தது. அதே மாசம் 28-ஆம் தேதி மரைனர் 4 கிளம்பியது. ஏழரை மாசப் பயணம். செவ்வாயைச் சுற்றி வர அதில் வசதி கிடையாது, பக்கத்தில் போய்க் கடந்து போகணும், அவ்வளவுதான். படம் எடுக்கக் கிடைத்த நேரம் சுமார் 25 நிமிஷம். தவறவிட்டால் திரும்பி வந்து எடுக்க முடியாது.

இப்போ கணக்குப் போடுவோம். ஒரு படத்துக்கு 200 வரி, வரிக்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். மொத்தம் 2,40,000 பிட், அதாவது 30 கேபி. உங்க வாட்ஸ்அப் ஸ்டிக்கர் சைஸ். ஆனால் அங்கிருந்து பூமிக்கு ரேடியோ வேகம் விநாடிக்கு எட்டேகால் பிட் போல. எம்பி, கேபி எல்லாம் இல்லைங்க, பிட்! ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம். 25 நிமிஷத்தில் எடுத்ததை அப்படியே நேரலையில் அனுப்ப வழியே இல்லை. போதாக்குறைக்கு, படம் எடுத்து முடித்த கொஞ்ச நேரத்தில் விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிடும், சிக்னலும் போய்விடும்.

அதனால் உள்ளே ஒரு டேப் ரெக்கார்டர் வைத்தார்கள். கேமரா எடுத்ததை எண்களாக மாற்றி டேப்பில் பதிவது, பிறகு நிதானமாக வாசித்து அனுப்புவது. கோடாக் நிறுவனத்தின் முதல் டிஜிட்டல் கேமராவே 1975-இல்தான் வந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னாடி, பயணத்தில் இருக்கும்போதே போட்டோவை டிஜிட்டலாகச் சேமித்த வேலை இது.

1965 ஜூலை 14, கலிஃபோர்னியா நேரம். விண்கலம் கடந்து போய்விட்டது. ஆனால் டேப் சரியாக ஓடி நின்றதா என்று பாசடீனாவில் இருந்த ஜேபிஎல் ஆட்களுக்குச் சந்தேகம். ஓடவில்லை என்றால் ஏழரை மாசப் பயணத்தில் ஒரு படம்கூட மிஞ்சாது. தரவு சொட்டுச் சொட்டாக வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் அதைப் படமாக்கித் தரும் வரை ரெக்கார்டர் குழுவுக்குப் பொறுமை இல்லை. எனக்கு இவங்களைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

ரிச்சர்ட் க்ரம் என்ற பொறியாளர், வந்த எண்களை நீளமான காகிதப் பட்டைகளில் அச்சிட வைத்தார். பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடுப்புப் பலகையில் ஸ்டேப்ளர் அடித்தார்கள். எண் 0-விலிருந்து 63 வரை, ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் ஒரு நிறம். சாம்பல் நிறச் சாக்பீஸ் கேட்டு க்ரம் ஓவியக் கடைக்குப் போக, அவங்க ‘சாக்பீஸெல்லாம் நாங்க விக்கிறதில்லை’ என்று சொல்லிவிட்டார்களாம். பாஸ்டல் குச்சிகள் இருந்தன, அதையே வாங்கி வந்தார். பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள். சின்ன வயசில் நாம எண் பார்த்து வண்ணம் தீட்டுவோமே, அதேதான். வரி வரியாகத் தீட்டத் தீட்ட, கறுப்பு வானத்துக்குக் கீழே செவ்வாயின் விளிம்பு தெரிந்தது. டேப் வேலை செய்திருக்கிறது!

செய்தி கசிந்து பத்திரிகைக்காரர்கள் அதையே படம் பிடித்துவிட்டார்கள். வேறொரு கிரகத்துக்குப் பக்கத்தில் எடுத்த முதல் படத்தை உலகம் பார்த்தது கையால் வண்ணம் தீட்டிய காகிதமாகத்தான். சட்டம் போட்ட அந்த ஓவியம் இன்றும் ஜேபிஎல்லில் இருக்கிறது.

என்னைக் குத்தியது அடுத்த பகுதிதான். 21 முழுப் படங்களும் 22-ஆவதின் ஒரு துண்டும் வந்து சேர்ந்தன. அதில் பள்ளங்கள் தெரிந்தன, நிலாவில் இருப்பது போல. செவ்வாயில் கால்வாய் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அதோடு டேப்பை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வழியில் ஏதாவது பிட் தொலைந்திருக்கலாம், கெட்டிருக்கலாம் என்று அத்தனை படங்களையும் முதலில் இருந்து மறுபடி அனுப்ப வைத்தார்கள். படத்துக்கு எட்டு மணி நேரம் வீதம், ரெண்டாவது தடவை! அது முடிய ஆகஸ்ட் 3 ஆகிவிட்டது.

என்னிடம் இருந்ததும் ரெண்டு இடம்தான், கார்டும் டிஸ்க்கும். டிஸ்க்கில் நாலு படத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

சோம்கோவில் அம்மா யாக் மாட்டு மேல் உட்கார்ந்து பயத்தில் கண்ணை மூடிக்கொண்ட படம் ஒன்று மட்டும் தப்பித்தது. கேமராவில் எடுத்தது இல்லை, அப்பா போனில் எடுத்து அன்று சாயங்காலமே சித்திக்கு வாட்ஸ்அப் பண்ணியது. பிறகு போனில் இடமில்லை என்று அப்பா அதை அழித்துவிட்டார். சித்தி திருப்பி அனுப்பினாங்க. சுருங்கி, மங்கி, 90 கேபி. மரைனர் படத்தைவிட மூணு மடங்கு பெரிசு.