வெப்சைட் கட்டுறது ஈஸி... காலி பண்றது? பில்டரைத் தேர்வு செய்யும் முன் 6 டெஸ்ட்!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல நாலு ரூம் வெச்சு ஒரு ஹோம்ஸ்டே நடத்துறீங்கன்னு வெச்சுக்கலாம். பௌர்ணமி வந்தா ரூம் கேட்டு போன் ஓயாது. மத்த நாள்ல புக்கிங் ஆப்தான் கதி. ஒவ்வொரு புக்கிங்குக்கும் கமிஷன் வேற. `நமக்குன்னு ஒரு வெப்சைட் இருந்தா?' என்று தோன்றும். கோடிங் தெரியாதவர்களும் பிளாக்குகளை இழுத்துப் போட்டு சைட் கட்டிவிடலாம் என்கின்றன விக்ஸ், வேர்ட்பிரஸ்.காம், கூகுள் சைட்ஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் `ஸோஹோ சைட்ஸ்' போன்ற பில்டர்கள். உண்மைதான், ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால், ஈஸி என்பதை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

2017-ல் கூகுள், சிறு வியாபாரிகளுக்கு இலவச வெப்சைட் வசதி கொடுத்தது. மேப்பில் கடையைப் பதிவுசெய்தவர்கள், சில நிமிடங்களில் `பிசினஸ்.சைட்' என்று முடியும் முகவரியில் ஒரு சைட் உருவாக்கிக்கொள்ளலாம். அதைவிட ஈஸியான பில்டர் அன்று இல்லை. 2024 மார்ச்சில் கூகுள் அந்த சைட்களை நிறுத்திவிட்டது. கொஞ்ச நாள் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் அதுவும் நின்றது. அந்த முகவரியை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்து வைத்திருந்தவர்கள் கதி? அதனால், பில்டரைத் தேர்வு செய்யும் முன் இந்த 6 டெஸ்ட்டையும் வெச்சுப் பாருங்க.

1. முகவரி யார் பேருல?

இலவச பிளானில் உங்கள் கடைப் பெயரோடு பில்டர் கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அது வாடகை வீடு. `.இன்', `.காம்' என்று முடியும் சொந்த டொமைனை வாங்கி, உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில் பதிவுசெய்யுங்கள். வெப்சைட் செய்துகொடுக்கும் தம்பியின் ஐடியில் வேண்டவே வேண்டாம். நாளைக்கு பில்டரை மாற்றினாலும் முகவரி மாறாது. `பிசினஸ்.சைட்' மூடப்பட்டபோதும், சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதைப் புது சைட்டுக்குத் திருப்பிவிட முடிந்தது.

2. பௌர்ணமி ராத்திரி திறக்குமா?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நடக்கும்போது மொபைல் நெட்வொர்க் திணறும். ரூம் தேடும் ஆள் கையில் இருப்பதோ போன்தான். லேப்டாப்பில் பளபளக்கும் அனிமேஷன் டெம்ப்ளேட், அங்கே சுத்திக்கிட்டே இருக்கும். டெமோ சைட்டை வைஃபை இல்லாமல், சுமாரான போனில் திறந்து பாருங்கள். நீங்கள் ஏற்றும் போட்டோக்களை பில்டர் தானாகவே சுருக்குகிறதா என்றும் கவனியுங்கள்.

3. தமிழ் தமிழாத் தெரியுதா?

`ஸ்ரீ', `கௌரி', `துணை' - இந்த மூன்றையும் தலைப்பில் டைப் செய்து பாருங்கள். சில டெம்ப்ளேட்களின் ஃபேன்ஸி ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே இருக்காது. போன் ஏதோ ஒரு ஃபான்ட்டைப் போட்டு ஒப்பேற்றும். இன்னொரு விஷயம்: நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸில் வாங்கிய மேட்டரை அப்படியே பேஸ்ட் செய்தால், கண்டதும் கலந்த ஆங்கில எழுத்தாக வரலாம். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் கூகுள் தேடலில் சிக்கும். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து அதிகம் பேர் வரும் ஊர் இது. தெலுங்கு, ஆங்கிலப் பக்கங்களையும் சேர்க்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. போன்லயே திருத்த முடியுமா?

`தீபத்துக்கு ரூம் ஃபுல்' என்று மாற்ற லேப்டாப்பைத் தேடக் கூடாது. விக்ஸுக்கும் வேர்ட்பிரஸுக்கும் மொபைல் ஆப் உண்டு. வாட்ஸ்அப் பட்டன், கூகுள் மேப், `ஆசிரமத்திலிருந்து எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா' என்ற விவரம் - வருகிறவர் தேடுவது இவ்வளவுதான்.

5. ரெண்டாவது வருஷம் எவ்வளவு?

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் வருஷத் தள்ளுபடி விலை. புதுப்பிக்கும் விலை கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மூன்று வருஷக் கணக்கு போடுங்கள். இலவச பிளான் என்றால் யார் விளம்பரம் வருகிறது என்றும் பாருங்கள். உங்க ஹோம்ஸ்டே பக்கத்துல அடுத்தவங்க விளம்பரம் எதுக்கு?

6. காலி பண்ணும்போது என்ன கிடைக்கும்?

யாரும் கேட்காத, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வேர்ட்பிரஸ்.காமில் எழுதியதை ஃபைலாக இறக்கி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம். விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே தூக்கி வேறு சர்வரில் வைக்க முடியாது. திரும்பக் கட்ட வேண்டும். எந்த பில்டராக இருந்தாலும், போட்டோக்கள், கட்டண விவரம், விருந்தினர் எழுதிய கருத்துகள் மூன்றுக்கும் உங்களிடம் தனி காப்பி இருக்கட்டும்.

அப்போ யாருக்கு எது?

நாலு போட்டோ, மேப், போன் நம்பர் போதும் என்றால் கூகுள் சைட்ஸ். இலவசம், விளம்பரம் கிடையாது, சொந்த டொமைனையும் இணைக்கலாம். ஆனால், ஷாப்பிங் கார்ட் கிடையாது. டிசைன் அழகும் ஆன்லைன் புக்கிங்கும் முக்கியம், மாதச் செலவு பரவாயில்லை என்றால் விக்ஸ். ஊரைப் பற்றி, மலையைப் பற்றித் தொடர்ந்து எழுதி ஆட்களை வரவைக்கப் போகிறீர்கள் என்றால் வேர்ட்பிரஸ். பழக ஒரு வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. டெம்ப்ளேட் பார்க்கறதுக்கு முன்னாடி, உங்க கடைப் பேருல டொமைன் காலியா இருக்கான்னு தேடுங்க. பில்டரை எப்ப வேணா மாத்திக்கலாம். போர்டுல எழுதின முகவரியை மாத்தறதுதான் கஷ்டம்!