இனிஷியலும் பிடித்த வரியும்

எங்கள் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒருவர் பெயரைக் கேட்டால் முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான். முனுசாமி மகள் லட்சுமி என்றால் மு. லட்சுமி. குமாரைக் கட்டிக்கொண்டால் கு. லட்சுமி. ஊருக்கு இது போதும். வருமான வரிக்குப் போதாது. கூடுதலாகப் பிடித்த வரி எங்கள் ஜனங்களுக்குத் திரும்ப வராமல் நின்றுபோக இந்த ஒற்றை எழுத்தே பெரிய காரணம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

வருமான வரி 1860இல் வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகியிருந்தது. இந்தியாவின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவில் திட்டம் போட்டார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. 500 வரை நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் நூற்றுக்கு நான்கு. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் இதை எதிர்த்தார். எதிர்ப்பைக் கோப்பில் எழுதியதோடு நிற்காமல் வெளியிலும் விட்டார். அதற்காகவே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். பிற்பாடு டிரெவெல்யனே நிதிப் பொறுப்பேற்று இந்தியா வந்தார். 1865இல் அந்த வரி முடிவுக்கு வந்தது. 1886இல் வந்தது பிறகு போகவே இல்லை.

பணத்தைக் கையில் கொடுக்குமுன்பே அதில் வரியைப் பிடித்துக்கொள்வது ஒரு முறை. அப்படிப் பிடித்தால் சில பேரிடம் கூடுதலாகத்தான் பிடிபடும். அதைத் திருப்பித் தர 1922 சட்டத்தில் 48ஆம் பிரிவு இருந்தது. 1961 சட்டத்தில் அது 237ஆம் பிரிவானது. ஆகவே ரீஃபண்ட் என்பது அரசாங்கம் போடும் பிச்சை இல்லை, நம் காசு நம்மிடம் வருவது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை.

ஒரு காலத்தில் இது ஆபீசர்கள் சமாச்சாரம். 1995 ஜூலை முதல் பாங்கு டெபாசிட் வட்டியிலும் வரி பிடிக்க ஆரம்பித்ததும், தோல் ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று, கிடைத்த கிராஜுவிட்டியை டெபாசிட் போட்ட பெரியவர்கள் என் மேஜைக்கு வந்தார்கள். அப்போது எல்லாம் காகிதம். வரி பிடித்ததற்குப் பாங்கு தந்த டிடிஎஸ் சான்றிதழின் அசலை விண்ணப்பத்தோடு குத்தி அனுப்ப வேண்டும். அசல் தொலைந்தால் அந்த வருடக் காசை மீட்பது பெரும்பாடு. எங்கே நிற்கிறது என்று தெரிய, ரசீதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை.

2007 ஜனவரியில் டெல்லியிலும் பாட்னாவிலும் ஸ்டேட் பாங்கு மூலம் ரீஃபண்ட் அனுப்பும் முறை தொடங்கிப் பிறகு நாடெங்கும் வந்தது. அடுத்து பெங்களூரில் ஒரே இடத்தில் கணக்கைச் சரிபார்க்கும் மையம் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து, கணக்குத் தாக்கலை உறுதிசெய்யும் ஐடிஆர்-வி தாளில் கையெழுத்துப் போட்டு எலக்ட்ரானிக் சிட்டி தபால் பெட்டிக்கு அனுப்புவோம். செக் ஸ்பீடு போஸ்டில் வரும். தபால்காரர் வரும் பகல் நேரத்தில் வீட்டுக்காரி கம்பெனியில் இருப்பாள், கதவு பூட்டியிருக்கும், செக் திரும்பிப் போகும்.

கையில் கிடைத்தாலும் பெயர் இடித்தது. பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். லட்சுமி அங்கே ‘லட்சுமி முனுசாமி’ ஆனாள். பாங்கு பாஸ்புத்தகத்தில் அவள் கு. லட்சுமி. இந்தச் செக்கில் இருக்கும் முனுசாமி யார் என்று கவுன்ட்டரில் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அப்பா என்றுதான் சொல்வாள். ஒரு பெண்ணுக்காக நானே மூன்று முறை பாங்குக்கு நடந்தேன். அதற்குள் செக் காலாவதியாகிவிட்டது.

எங்கள் பெண்களைப் பெரிய அளவில் இதில் இழுத்துவிட்டது பிஎஃப்தான். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்ததால்தான் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூவும் அதன் மேற்பகுதியான அப்பரும் தைக்கும் கம்பெனிகள் பெருகின. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறும் கூட்டத்தில் பெண்களே அதிகம். கல்யாணம், பிரசவம், பக்கத்துக் கம்பெனியில் நூறு ரூபாய் கூடுதல் கூலி என்று ஐந்து வருடம் முடியுமுன் விலகிவிடுவார்கள். 2015 ஜூன் 1 முதல், ஐந்து வருடத்துக்குள் எடுக்கும் பிஎஃப்பில் வரி பிடிக்க 192ஏ பிரிவு வந்தது. முதலில் 30,000 ரூபாயிலிருந்து, அடுத்த ஆண்டு முதல் 50,000 ரூபாயிலிருந்து. பான் கொடுத்திருந்தால் பத்து சதவீதம், கொடுக்காவிட்டால் அப்போது 34.608 சதவீதம். 60,000 ரூபாய் எடுத்தவளுக்கு முன்னதில் 6,000 போனது, பின்னதில் 20,765 போனது. அவள் வருட வருமானத்துக்கு ஒரு பைசாகூட வரி கிடையாது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று சொல்லும் 15ஜி தாளில் பான் எண்ணோடு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“இன்னாண்ணா, பிஎஃப்புல காசு புடிச்சிட்டாங்க, எங்க போய் கேக்கறது?” என்று வந்தவர்களில் பான் கொடுத்திருந்தவர்களுக்கு, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துக் காட்டுவேன், பிடித்த தொகை அதில் ஏறியிருக்கும், கணக்குத் தாக்கல் செய்தால் வட்டியோடு வரும். வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். பான் கொடுக்காதவளின் காசு யார் பெயரிலும் ஏறாது. அவளை என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் இன்னும் எனக்கு வலிக்கின்றன.

2019 மார்ச் முதல் ரீஃபண்டுக்குச் செக் கிடையாது; பானோடு இணைத்த பாங்குக் கணக்குக்கே போகிறது. தபால்காரர் கவலை தீர்ந்தது, இனிஷியல் கவலை தீரவில்லை. பான் பெயரும் பாங்குப் பெயரும் ஒட்டாவிட்டால் கணக்குச் சரிபார்ப்பு தோற்றுப் பணம் நின்றுவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களும் மாறிவிட்டன. லட்சுமியின் பெயர்ச் சிக்கல் மாறவில்லை.

கம்பெனியை விட்டு வரும் தங்கைகளே, பிஎஃப்புக்கு எழுதிப் போடுமுன் பான், ஆதார், பாஸ்புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கம்பெனி மாறினால் பிஎஃப்பை எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள், பழைய வருடங்களும் சேர்த்தே எண்ணப்படும். வரி பிடித்துவிட்டால், அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 31க்குள் கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.